ஒன்பதாம் தரத்துக்குப் பிறகு எங்கே? விசேட தேவையுள்ள பிள்ளைக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

"இங்கேயே இருக்கட்டுமா, யூனிட்டுக்கு மாத்தலாமா, ஹொஸ்டலுக்கு அனுப்பலாமா, இல்லாட்டி ஏதும் தொழில் பழகட்டுமா?" விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு 13, 14 வயதாகும்போது ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். (யூனிட் என்பது சாதாரணப் பாடசாலைக்குள் உள்ள விசேட கல்வி அலகு.) பாடசாலையும் அந்த நேரத்தில்தான் கூப்பிட்டு அனுப்பும். 9ஆம் தர முடிவில் சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதால், அதுவரை ஒத்திப்போட்ட பேச்சையெல்லாம் அன்றைக்குப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். வெறுங்கையோடு உள்ளே போகும் தாய், யாரோ எடுத்த முடிவோடு வெளியே வருவார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. கட்டாயக் கல்வி வயது 16. ஆகவே "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது ஒரு தெரிவே அல்ல. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியை ஆண்டுதோறும் மீளாய்வு செய்ய அந்தச் சட்டம் நாள் குறித்துத் தரவில்லை. நீங்கள் எழுத்தில் கேட்டால்தான் அந்த மீளாய்வுக் கூட்டம் நடக்கும்.

எதை வைத்து நிறுப்பது

முதலாவது, சிக்கல் எந்த இடத்தில் என்பது. வாசிப்பு, எழுத்தில் மட்டுமா, கேட்டல், பார்வையிலா, விளங்கிக்கொள்வதிலா, நடத்தையிலா? "படிப்பு ஏறல" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கையும் போட்டு மூடிவிடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது மொழி. மலையகத்துப் பிள்ளைக்கு இதுதான் அதிகம் கெடுதல் செய்கிறது, அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று எந்த ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனாலும் பரிசோதனை சிங்களத்தில் நடக்கக்கூடும். பக்கத்தில் நிற்கும் ஒருவர் மொழிபெயர்ப்பார். சொல்வளம், கதை விளக்கம், சொன்னதைத் திரும்பச் சொல்லுதல் எல்லாம் மொழிபெயர்ப்பில் கலங்கிப்போகும். பிள்ளை உள்ளதைவிடப் பின்தங்கியவராகத் தெரிவார். அந்த அறிக்கைதான் பிறகு ஒவ்வொரு மேசையிலும் பேசும். எனவே கிளினிக்குக்குப் போகும்போது 3ஆம், 5ஆம், 7ஆம் தரத் தமிழ்ப் புத்தகங்களைக் கையில் கொண்டுபோங்கள். எந்த மொழியில் பரிசோதித்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள். சிங்களத்தில் நடந்த பரிசோதனை என்று அதிலேயே எழுதியிருந்தால், "இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்" என்று கூட்டத்தில் சொல்ல உங்களுக்கு இடமிருக்கும்.

மூன்றாவது பயணம். கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், லயத்து வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதுவும் மழை நாளில். நான்காவது, 16 வயதுக்குப் பிறகு கையில் என்ன பத்திரம் இருக்கும். ஐந்தாவது செலவு, அதில் தாயோ தகப்பனோ இழக்கும் 'பேர்' (தோட்டத்தில் ஒரு நாள் வேலைப் பதிவு) கணக்கையும் சேர்க்க வேண்டும். மாதத்தில் நான்கு நாள் பிள்ளையோடு அலைந்தால் நான்கு பேர் போனது. ஆறாவது, முடிவு பிழைத்தால் திரும்பி வர முடியுமா? கடைசியாகப் பிள்ளையின் விருப்பம். 14 வயதுப் பிள்ளையைக் கேட்காமல் அனுப்பினால் இரண்டாம் மாதமே வீட்டில் வந்து நிற்கும்.

வழி 1: இதே வகுப்பில், உதவிகளோடு

விளங்குகிறது, ஆனால் வாசிக்கவோ எழுதவோ பார்க்கவோ கேட்கவோ சிரமம் என்றால் இதுதான் முதல் தெரிவு. யூனிட்டுக்கு மாற்றப்படும் பிள்ளைகளில் பலருக்கு இந்த வழி ஒரு தவணையாவது ஒழுங்காகச் செய்து பார்க்கப்படவே இல்லை. முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு "எல்லா உதவியும் செய்தோம்" என்று எழுதிவிடுவார்கள்.

பிள்ளை இந்த வகைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 7ஆம் தர விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒரு கேள்விக்கு 15 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதேபோல இன்னொரு பக்கம். இந்தத் தடவை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். வாயால் ஐந்து விஷயம் வருகிறது, தாளில் இரண்டுதான் வருகிறது என்றால் அடைப்பு எழுத்தில் இருக்கிறது. இரண்டு தாளிலும் திகதி போட்டு வையுங்கள். இதைவிட வலுவான சாட்சி கூட்டத்தில் வேறில்லை.

கொப்பியையும் உற்றுப் பாருங்கள். தமிழில் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை அடிக்கடி தடுக்கி விழும் இடம் கொம்பு. 'கெ', 'கே', 'கை' எழுத்துகளில் கொம்பு முதலில் எழுதப்படுகிறது, ஆனால் அதன் ஓசை பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரு துண்டு முன்னால், ஒரு துண்டு பின்னால். பிள்ளை 'கொடி'யைக் 'காடி' என்றோ 'கெடி' என்றோ எழுதியிருக்கும். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதைப் பெரிதாக்க வேண்டாம். 8ஆம், 9ஆம் தரத்திலும் கொம்பு இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள்.

கேட்க வேண்டிய உதவிகள் சின்னவை, ஆனால் குறிப்பாக இருக்க வேண்டும். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாகக் குறிப்பின் பிரதி. வாரத்தில் இரண்டு தடவை 20 நிமிடம் வாய்மொழி விடை. பார்வை குறைந்த பிள்ளைக்குப் பாடப் பக்கத்தைக் கொமியுனிகேஷன் கடையில் ஏ4இலிருந்து ஏ3க்குப் பெருப்பித்தால் எழுத்து 141 வீதமாகும்; பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். கேட்டல் குறைந்த பிள்ளைக்கு இடம் முக்கியம்: டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் ஜூன் தொடக்கம் தென்மேல் பருவமழை கொட்டும்போது தகரக் கூரையின் கீழ் டீச்சரின் குரல் மூன்றாவது வாங்கைத் தாண்டாது. அந்த நாட்களில் பாடத்தைத் தாளில் கொடுப்பது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். செவிப்புலக் கருவி வைத்திருப்பவர்கள் ஈரத்துக்கும் பயப்பட வேண்டும். இரவில் பற்றரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொதி போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுப்படியில் காயவைத்துக் கெடுத்த கருவிகள் ஏராளம்.

சாதாரண தரம் ஒன்பது பாடம்: ஆறு கட்டாயம், மூன்று தொகுதியிலிருந்து. அந்த மூன்றில்தான் உங்களுக்குக் கை இருக்கிறது. எழுத்துச் சிரமம் உள்ள பிள்ளைக்கு நீண்ட விடை எழுதும் பாடங்களைக் குவிக்காமல் சித்திரம், சங்கீதம், நடனம், மனைப்பொருளியல், விவசாயம் போன்றவற்றைப் பாருங்கள். ஆனால் உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான். பட்டியலில் பாடம் இருக்கும், கற்பிக்க ஆள் இருக்காது.

பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ளவர்களுக்கு மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஒருவர் போன்ற வசதிகளைத் தருகிறது. அதிபர் ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், வைத்திய அறிக்கை வேண்டும். மூன்று இடத்தில் இது பிழைக்கும். அறிக்கை ஐந்து வருடம் பழையதாக இருக்கும். அல்லது நோயின் பெயர் மட்டும் இருக்கும்; அதனால் எழுதும் வேகம் எப்படிக் குறைகிறது என்று ஒரு வரிகூட இருக்காது. மூன்றாவது, எழுதுபவர் கிடைத்தும் பிள்ளைக்குச் சொல்லிப் பழக்கமில்லாமல் போகும். கணிதத்தில் "மேலே மூன்று, கோடு, கீழே நான்கு, அடைப்புக்குள் கழித்தல்" என்று சொல்வது தனிப் பயிற்சி. 10ஆம் தரத் தவணைப் பரீட்சையிலேயே தொடங்கினால்தான் வரும்.

மறைந்த செலவு டியூசன் காசும், பிள்ளையின் மனமும். கடைசி வாங்கில் கிண்டலுக்கு நடுவே இரண்டு வருடம் இருந்து எந்தப் பாடமும் சித்தியடையாமல் வெளியே வந்தால், அந்தப் பிள்ளை பிறகு எந்த வகுப்பறைக்கும் போகாது. இரண்டு தவணை உதவி உண்மையாகக் கிடைத்தும் வாய்மொழி விடையில் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த வழியைப் பாருங்கள்.

வழி 2: விசேட கல்வி அலகு

சாதாரணப் பாடசாலைக்குள் தனி வகுப்பு. ஊரில் யூனிட் என்பார்கள். எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் கிடையாது. பக்கத்து டவுனில் இருப்பது சிங்கள மொழிமூலமாகவும் இருக்கலாம்.

விளங்கிக்கொள்வதிலேயே சிரமம் உள்ள பிள்ளைக்கும், காசு எண்ணுவது, பஸ் எடுப்பது, மணி பார்ப்பது, தன் உடலைத் தானே பராமரிப்பது போன்றவற்றை இன்னும் பழக வேண்டிய பிள்ளைக்கும் இது முதலாவது வழியைவிட நல்லது. 9ஆம் தர வரலாற்றுப் பாடத்தில் ஒன்றும் புரியாமல் இருக்கும் ஐந்து மணித்தியாலத்தைவிட, கடையில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி சரிபார்க்கப் பழகும் அரை மணித்தியாலம் பெரிது.

போய்ப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். ஒரு காலை முழுக்க அங்கே உட்காருங்கள். உங்கள் 14 வயது மகள் ஏழு வயதுக் குழந்தைகளோடு கிளிக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தால் அது அவளுக்கான இடமல்ல. கேட்க வேண்டியவை: டீச்சர் லீவு போட்டால் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா, அதைக் காட்ட முடியுமா? விளையாட்டு, சித்திரம், சங்கீத நேரங்களில் சாதாரண வகுப்போடு சேர்கிறார்களா? இங்கிருந்து சாதாரண வகுப்புக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்களா?

மறைந்த செலவு சாதாரண தரம். யூனிட்டில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குத் தோற்றுவதில்லை. அதோடு சில கதவுகள் மூடும். இன்னொன்று பயணம். இ.போ.ச. பஸ் என்றால் பாடசாலை சீசன் உண்டு. தனியாக அனுப்ப முடியாத பிள்ளைக்கு வேன் பிடித்தால் முழுக் காசு. கூடவே போய்வரும் ஆளின் பேரும் போகும்.

வழி 3: விடுதியோடு விசேட பாடசாலை

காது கேளாத அல்லது பார்வையற்ற பிள்ளைக்கு மட்டும் யோசிக்கலாம். சைகை மொழியும் பிரெய்லும் முழுநாளும் புழங்கும் சூழலை ஒரு தோட்டப் பாடசாலை தர முடியாது.

ஆனால் மொழி இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கண்டிப் பக்கத்து விசேட பாடசாலைகள் பெரும்பாலும் சிங்களச் சூழலில் இயங்குபவை. கேளாத பிள்ளை அங்கே உதட்டசைவும் எழுத்தும் சிங்களத்தில் பழகினால், விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவின் வாயைப் படிக்க முடியாது. தங்கை எழுதிக் காட்டும் துண்டையும் வாசிக்க முடியாது. தமிழில் வேண்டுமென்றால் கைதடி நஃபீல்ட் பாடசாலை, மட்டக்களப்புத் தரிசனம் போன்றவை வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் போவது ஓர் இரவு முழுவதுமான பயணம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தால் மறுநாள்தான் போய்ச்சேர முடியும்.

சேர்ப்பதற்கு முன் இரவைப் பற்றிக் கேளுங்கள். இரவில் யார் பொறுப்பு, வலிப்பு மருந்தை யார் எண்ணிக் கொடுப்பது, பெண்பிள்ளையின் மாதவிடாய் நாட்களில் உதவ யார் இருக்கிறார், வாரத்தில் எத்தனை தடவை போன் பேசலாம். சிறுவர் உதவிக்கான 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். கேளாத பிள்ளை என்றால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வழி 4: தொழிற்பயிற்சி

இந்த வழிக்கு இப்போதே போக முடியாது, இப்போதே தயாராகலாம். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவது 2021 முதல் சட்டவிரோதம். "கராஜில் விடுகிறேன், கொழும்பில் ஒரு கடையில் விடுகிறேன்" என்பவர்கள் தொழில் பழக்குவதில்லை. ஆளைச் சும்மா வேலை வாங்க இடம் தேடிக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையிடம் எண்ணெய்க் கறை பிடித்த சட்டை இருக்கும், பத்திரம் இருக்காது.

முறையான பாதை தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ. எழுத்தைவிடச் செய்துகாட்டுவதைப் பார்க்கும் மதிப்பீடு என்பதால் எழுத்துச் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பொருந்தும். போக மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று, தெரிவுசெய்யப்பட்ட சில பாடசாலைகளில் 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு. அதற்குச் சாதாரண தரத்துக்குத் தோற்றியிருக்க வேண்டும், சித்தி கட்டாயமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே 10ஆம் தரத்தில் இடைவிலக வேண்டாம். இரண்டு, தொழிற்பயிற்சி அதிகாரசபை, ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற பொது நிலையங்கள். மூன்று, சமூகசேவைத் திணைக்களம் சீதுவ போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் நிலையங்கள். இவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரைப் பிடிக்க வேண்டும். எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதை விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே கேளுங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளையை வெல்டிங், மரம் அறுக்கும் இயந்திரம் பக்கம் விடாதீர்கள். தையல் என்றால் ஜூக்கி மெஷினின் (ஆடைத் தொழிற்சாலைத் தையல் மெஷின்) வேகம் வீட்டு மெஷினைப் போன்றதல்ல. ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஒரே பார்வையில்

| | யாருக்கு நல்லது | மறைந்த செலவு | 16க்குப் பின் கையில் | திரும்பி வரலாமா |
|---|---|---|---|---|
| இதே வகுப்பு | விளங்குகிறது, எழுத்து அல்லது புலன் சிரமம் | டியூசன், கிண்டல் | சாதாரண தரத்துக்குத் தோற்றிய பதிவு | ஆம் |
| அலகு | விளங்குவதில் சிரமம், வாழ்க்கைத்திறன் தேவை | வேன், கூடப் போகும் ஆளின் பேர், பரீட்சை வாய்ப்பு | பழகிய திறன்கள். பத்திரம் அரிது | சிரமம் |
| விடுதி | கேளாமை, பார்வையின்மை. தமிழில் கிடைத்தால் | பயணம், வீட்டு மொழி, பிரிவு | சைகை மொழி அல்லது பிரெய்லோடு பரீட்சை | முதல் வருடத்தில் மட்டும் |
| தொழில் | கைவேலையில் நாட்டம், 16 தாண்டியவர் | கருவி, தங்குமிடம் | என்விகியூ | ஆம் |

கூட்டத்துக்குத் தயாராவது

இரண்டு வாரத்துக்கு முன்னே அதிபருக்குத் தமிழில் ஒரு கடிதம். வகுப்பாசிரியர், விசேட கல்வி ஆசிரியர் இருந்தால் அவர், முடிந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர் ஆகியோரையும் அழைக்கக் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கான கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். வலய அலுவலகத்துக்கு எழுதினாலும் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.

கோப்பில் இருக்க வேண்டியவை: பிறப்பு முதலான கிளினிக் புத்தகம், கடைசி வைத்திய அறிக்கை, 7ஆம் தரப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஏதும் துண்டு தந்திருந்தால் அது, மூன்று தவணைத் தேர்ச்சி அறிக்கை, மேலே சொன்ன எழுத்து–வாய்மொழித் தாள்கள், வேறு வேறு வாரத்துக் கொப்பிப் பக்கங்கள் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். தடித்த கோப்பை யாரும் திறப்பதில்லை.

பிள்ளையையும் உட்கார வையுங்கள். "எந்த நேரம் கஷ்டம், எந்த நேரம் சந்தோஷம், என்ன வேலை செய்ய ஆசை" என்று மூன்று கேள்விக்கு முதல்நாளே விடை எழுதியோ வரைந்தோ கொண்டுவரட்டும். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காவிட்டாலும் தாள் பேசும்.

"கவனம் செலுத்துவோம்", "ஊக்கப்படுத்துவோம்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். என்ன உதவி, யார் செய்வது, வாரத்தில் எத்தனை தடவை, எந்தத் திகதியில் பார்ப்பது என்ற நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். அடுத்த கூட்டத்தின் திகதியை அங்கேயே கலண்டரில் குறியுங்கள். ஒரு தவணைக்கு மேல் தள்ள வேண்டாம். கூட்டக் குறிப்பின் பிரதி கையில் வராமல் எழும்ப வேண்டாம்.

இடமாற்றம் பேசப்பட்டால் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். குறிப்பாக விடுகைப் பத்திரம். அதை வாங்கியதும் பதிவேட்டில் பெயர் வெட்டப்படும். புதிய இடம் சரிவராவிட்டால் பழைய பாடசாலையில் புதிதாகச் சேர்வதுபோல மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சேர்த்துக்கொள்கிறோம் என்று புதிய பாடசாலை தலைப்புத் தாளில், தரத்தையும் மொழிமூலத்தையும் குறித்து, திகதியோடு எழுதித் தந்த பிறகு விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் போதும்.